தொட்டில் பக்கத்துச் சுவிச்சு

எங்கள் லயத்துக்குக் கரண்டு வந்தது என்று சொன்னால் அது பாதிப் பொய். வரிசை அறைகளில் ஒன்றான எங்கள் காம்பராவின் சுவரைத் துளைத்து உள்ளே வந்தது, ஒரு சுவிச்சை எட்டிப் பார்த்தது, அதே ஓட்டை வழியாக வெளியே போய்விட்டது. பல்ப் வெளியே எரிந்தது. உள்ளே நாங்கள் குப்பி லாம்பில்தான் சோறு தின்றோம்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கையில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில். நான் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்தேன். விடிவதற்கு வெகு முன்பே மெஷின் ஓடத் தொடங்கிவிடும், அதற்கு முன்பே நான் போய்விடுவேன். என் மனைவி கொழுந்து எடுக்கப் போனாள். கையில் பால்குடிப் பிள்ளை. கொழுந்து எடுக்கிற பெண்கள் விடியற்காலை இருட்டிலேயே பெரட்டுக்களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா ஆள் எண்ணி மலைக்கு அனுப்புவார். பிந்தி வந்தால் அன்று வேலை கிடையாது. அடிக்கடி பிந்தினால் பேரையே வெட்டிவிடுவார்கள், அப்புறம் என்றைக்கும் வேலை கிடையாது.

என் மனைவி தினமும் பிந்தினாள். பிள்ளைக்குப் பால் கொடுத்து, பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடி வர வேண்டும். என் மகனோ சாப்பாட்டு விஷயத்தில் அவசரமே படாதவன், இன்றைக்கும் அப்படித்தான். ஆனாலும் அவள் ஒருநாளும் பிடிபடவில்லை. கண்டாக்கையாவின் கையிலிருந்த லாந்தர் அந்த மூடுபனியில் அவருடைய மூக்குக்கு மட்டும்தான் வெளிச்சம் காட்டியது. கம்பளியைத் தலையில் போர்த்திய பெண்களுக்கு நடுவே அவள் பின்பக்கமாக நுழைவாள். கூடைகள் கொஞ்சம் நகர்ந்து இடம் விடும்.

களத்தில் எண்ணியதைவிட மலையில் ஏறும்போது மட்டும் எப்படி ஆள் கூடுகிறது என்று கண்டாக்கையா பல நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைப் பிடித்து, ஸ்டோர் டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் களத்துக்கு விளக்குப் போட அனுமதி வாங்கிவிட்டார். களத்தைப் பார்த்திருந்தது எங்கள் லயத்தின் கடைசிச் சுவர். அந்தக் கடைசிக் காம்பரா எங்களுடையது.

“வெளிச்சம் வந்தா நான் மாட்டிக்குவேங்க. பேரை வெட்டிட்டா நாம எப்புடிங்க பொழைக்கிறது?” என்று என் மனைவி கேட்டாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரின் சிங்கள மேஸ்திரியான பாஸ் சுத்தியலும் நீண்ட உளியுமாக வந்தார். கூடவே தொப்பியும் கோட்டுமாகக் கண்டாக்கையா. வேலைக்காரர் ஒருவர், வேலை சொல்கிறவர் ஒருவர், வேடிக்கை பார்க்க லயம் முழுவதும். உளியை ஓர் அடி அடிப்பது, கொஞ்சம் திருப்புவது, மறுபடி அடிப்பது. எங்கள் சுவரோ கருங்கல். காலையில் பாஸ் அடித்த அடியில் உதிர்ந்த தூளைக்கொண்டு ஒரு பல் விளக்கியிருக்கலாம், இரண்டு பல்லுக்குக் காணாது.

சுவிச்சை வெளியே விளக்குக்குக் கீழேயே வைப்பதாகத்தான் ஏற்பாடு. வாசலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: “ஏங்கையா, மழை அடிச்சா சுவிச்சு நனையாதுங்களா?”

பாஸ் சுத்தியலை நிறுத்திவிட்டுக் கண்டாக்கையாவைப் பார்த்தார். “நனைஞ்சா சரியில்ல மஹத்தயா. தொடுற ஆளத் தூக்கி அடிக்கும்.”

தொடப்போகிற ஆள் தான்தான் என்பது கண்டாக்கையாவுக்குச் சட்டென்று உறைத்தது. “உள்ளதான் வைக்கணும். நான் மொதல்லயே அப்புடித்தான் நெனச்சேன்” என்றார்.

உள்ளே எங்கே? கதவோரம் என்றார். “அங்க சாமி படம் இருக்குங்களே.” அடுப்புக்கு மேலே என்றார். “சூடு படுமுங்களே.” மிச்சம் இருந்தது தொட்டில் பக்கம் மட்டும். கண்டாக்கையா தம் கைத்தடியால் வெளியே தரையிலிருந்து அளந்து, நெஞ்சு உயரத்தில் கோடு போட்டார். எங்கள் காம்பராவின் தரை வெளித் தரையைவிட எவ்வளவோ மேடு என்பதை அவரும் மறந்தார், பாஸும் மறந்தார். பொழுது சாயும் நேரத்தில் உளி முனை உள்ளே தலைகாட்டியபோது அது முழங்கால் உயரத்தில் இருந்தது. தொட்டிலடியில் உட்கார்ந்து பால் கொடுப்பவள் கையை நீட்டினால் எட்டும்.

“இன்னொரு ஓட்டை போடலாமா?” என்று கண்டாக்கையா கேட்டார். பாஸ் மழுங்கிப்போன உளியைத் தூக்கிக் காட்டினார். பதில் அவ்வளவுதான்.

“ஒம் புருசன் ஸ்டோர்க்காரன், நேரத்தோட எழும்புற ஆளு. நான் களத்துல வந்து சத்தம் குடுத்ததும் அவன் போடட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். நேரத்தோடு எழும்புகிறவன் நேரத்தோடு ஸ்டோருக்கும் போய்விடுவான் என்பது அவர் நினைவில் இல்லை. எனக்கு நினைவிருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நடந்ததை நான் பார்க்கவில்லை. களத்தில் நின்ற பெண்கள் சாயங்காலம் ஒவ்வொருவராக வந்து நடித்தே காட்டிவிட்டார்கள். இனி லாந்தரே வேண்டாம் என்று அதை மாட்டுப்பட்டிக்கு அனுப்பிவிட்ட கண்டாக்கையா, கும்மிருட்டில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்.

“லைட்டப் போடு!”

“பிள்ள பால் குடிக்குதுங்கையா!” என்று உள்ளேயிருந்து பதில்.

பால் கொடுக்கிறவள் இருக்கும் காம்பராவுக்குள் எந்த ஆம்பிளை நுழைவது? ஒரு பெண்ணையாவது அனுப்பலாம் என்று பார்த்தால், “ஆத்தாடி, கரண்டு! நாங்க தொடமாட்டோமுங்க” என்று வரிசை மொத்தமும் பின்வாங்கியது. பலி ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாலும் அது இப்படி மிரண்டிருக்காது. என் மகன் சாவகாசமாகக் குடித்து முடித்தான். அவள் இருட்டோடு இருட்டாக அவனை ஆயாவிடம் விட்டு வந்து, கூடையை மாட்டி, சுவிச்சைப் போட்டு, வெளியே வந்தாள். வெளிச்சத்தில் கண்டாக்கையா பார்த்த முதல் முகம் அவளுடையது.

அந்த வாரமே துரை குதிரையில் வந்தார். விளக்கின் கீழ் ஒருத்திகூடப் பிந்தாமல் நிற்பதைப் பார்த்துக் கண்டாக்கையாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சுவிச்சை எப்படி இடம் மாற்றுவது?

மாதங்கள் போயின. மகன் பால் மறந்து, சோற்றுக்கு வந்து, நடக்கவும் தொடங்கிவிட்டான். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். ஸ்டோருக்குப் போகாமல் சுருண்டு கிடந்தேன். விடியற்காலையில் கதவு மெல்லத் திறந்தது. அடுத்த லயத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து, நான் கிடந்த பக்கம் பார்க்காமல், தொட்டிலடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி, அவள் மடியிலும் ஒன்று. என் மனைவி கூடையோடு வாசலை மறைத்து நின்றாள்.

“லைட்டப் போடு!”

“பிள்ள பால் குடிக்குதுங்கையா!”

கண்டாக்கையாவின் குரல் சுவருக்குப் பக்கத்தில் வந்தது. “ஏ புள்ள, நேத்து ஒம் மவன் களத்துல என் தொப்பிய எடுத்துக்கிட்டு ஓடுனான். அவனா இன்னும் பால் குடிக்கிறான்?”

“அவன் இல்லீங்கையா. இது வேற பிள்ள.”

நான் கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். இத்தனை மாதமாக அவள் மற்றவர்களின் பிள்ளைகளுக்காகவும் அந்தச் சுவிச்சைப் பிடித்து வைத்திருந்தாள்; அழுகை வந்துவிட்டது. காய்ச்சல் கூடிவிட்டதோ என்று அவள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெளியே கண்டாக்கையா இருமினார். பிறகு, “சரி, சரி. மெதுவா குடிக்கட்டும். பொரையேறிடப் போவுது” என்றார்.