அசையாமல் நின்ற கூட்டம்

மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குத் தலைமையாசிரியர் மேசை டிராயரைத் திறந்து அந்தப் படத்தை எடுத்து என் முன்னால் போட்டார். அதுவரை நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

நாமக்கல்லில் கள்ளுக்கடை மறியலில் நின்ற மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கப் போவதாகப் பேச்சு. சாட்சிக்காகக் கடைக் குத்தகைக்காரர் மறியல் நடந்த அன்றே படம் எடுக்க ஏற்பாடு செய்திருந்தார். எடுத்தவர் என் நண்பர். கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். என் மகன் சிறு வயதிலிருந்தே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். மகனுக்குப் பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்தது. நீக்கினால் வேறெந்தப் பள்ளியும் சேர்க்காது.

சேதி காதில் விழுந்ததும் காலையிலேயே நண்பரிடம் ஓடினேன்.

"ஏனுங்க இப்பிடிப் பதர்றீங்க? வெளிச்சம் கம்மிங்க. லென்ஸை முழுசாத் தொறந்து எடுத்தேன். முன்னால நின்ன ரெண்டு மூஞ்சிதான் தெரியும். உங்க பையன் பின்னால பஞ்சுப்பொதியாட்டம் இருக்கறான். பெத்த நீங்களே அடையாளம் சொல்ல முடியாது, போங்க!" என்று சிரித்தார்.

நான் நம்பினேன். என்னிடமும் ஒரு கேமரா உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, லென்ஸ் துவாரத்தின் அளவைக் குறிக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படம் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்போம். துவாரத்தை முழுக்கத் திறந்தால் ஓரத்து எழுத்துகள் கரையும். இரண்டு மூன்று எண் குறுக்கினால் கூர்மை கூடும். ரொம்பவும் குறுக்கினால் மறுபடி லேசாக மங்கும். ஆனால் துவாரம் சிறுக்கச் சிறுக்க, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்தே தெளிவாகும்.

இதையெல்லாம் தலைமையாசிரியரிடம் விளக்கி, "திறந்த லென்ஸில் பின்வரிசை முகத்தை வைத்து ஒரு பையனைத் தண்டிக்கக் கூடாது" என்றேன்.

"பாடம் நல்லாத்தான் எடுக்கிறீங்க. இப்ப படத்தைப் பாருங்க" என்று சொல்லித்தான் டிராயரைத் திறந்தார்.

முன்னால் நின்றவரின் சட்டைப் பொத்தான் தெரிந்தது. எல்லாருக்கும் பின்னால் கடைக்கூரையின் ஓலை ஒவ்வொன்றும் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே பின்வரிசையில் என் மகன், புருவத்துத் தழும்போடு. துவாரத்தைப் பதினாறாம் எண்ணுக்கோ இருபத்திரண்டாம் எண்ணுக்கோ நன்றாகக் குறுக்கி எடுத்த படம் அது. நண்பர் காலையில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபோதே, பிரதி இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அந்தக் குறைந்த வெளிச்சத்தில், அவ்வளவு சிறிய துவாரத்தில், லென்ஸை ஒரு வினாடிக்கு மேலாவது திறந்து வைத்திருக்க வேண்டும்; அதற்குள் யார் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். கோஷம் போட்டுக்கொண்டிருந்த கூட்டம். ஆனால் படத்தில் ஒரு கைகூடக் கலங்கவில்லை.

"பையனை வரச் சொல்லியிருக்கேன்" என்றார் தலைமையாசிரியர்.

மகன் வந்தான். என்னைப் பார்த்தான், பிறகு மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தான். அது ஏன் அங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை போலும். முகம் மலர்ந்தது.

"நல்லா உளுந்திருக்குதுங்களாப்பா? மாமாதானுங்க எங்களையெல்லாம் நிறுத்தி வெச்சாரு. 'நான் சொல்ற வரைக்கும் மூச்சு உடாம நில்லுங்க சாமி, படத்துல ஆளுக்கொரு காப்பி போட்டுத் தாரேன்'னாருங்க. அதான் அசையாம நின்னோம்" என்றான்.