கூடைக் கயிறு விழுந்த இடம்

முடி கொட்டுகிறவர் தமிழில் அழுவார், டாக்டரம்மா சிங்களத்தில் ஆறுதல் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை.

பதுளை டவுனில் ஒரு தனியார் தோல் கிளினிக். எங்கள் தோட்டத்து லய வீடுகளிலிருந்து கெம்பஸுக்குப் படிக்கப் போன முதல் ஆள் நான். படித்த பாடத்துக்கு இன்னும் வேலை வரவில்லை; அங்கே பழகிய சிங்களத்துக்கு வந்துவிட்டது. சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஓர் ஆசை. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அக்காவை, நோயாளிகள் உட்காரும் அந்த நாற்காலியில் ஒருநாள் உட்காரவைக்க வேண்டும். கூடையைத் தாங்கும் கயிறு பதினாறு வருடமாக அவள் உச்சந்தலையில் ஒரே இடத்தில்தான் அழுந்துகிறது. அந்த இடத்தில் இப்போது முடி இல்லை. வீட்டுக்குள்ளும் அவள் தலைத்துணியை எடுப்பதில்லை.

சீப்பைக் கழுவும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் கூட்டம் பெரியது.

பையில் வந்தது

இதை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்பிருந்தே இங்கே வேலை செய்யும் தாதி சொல்லிக் கேட்டது. மடுல்சீமையிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாராம். குழந்தை பிறந்து மூன்று மாதம். தலையிலிருந்து விழுந்த முடியையெல்லாம் ஒரு சொப்பிங் பையில் சேர்த்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாராம்.

டாக்டரம்மா பையைத் திறக்கவே இல்லை. பிரசவத்துக்குப் பிறகோ கடுமையான காய்ச்சலுக்குப் பிறகோ, வளர்ந்துகொண்டிருந்த முடி கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும், வேர் சாகாததால் திரும்ப வரும் என்று விளக்கியிருக்கிறார். அந்தப் பெண் எழுந்து, குழந்தையை ஒரு கையிலும் பையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு கேட்டாராம்: "வரும்னா சரிங்க. வர்ற வரைக்கும் இத வச்சிருக்கலாம்தானே?"

புழு இல்லாத புழுவெட்டு

துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் வந்தார். பின்தலையில் வழுவழுப்பாக ஒரு வட்டம். புழுவெட்டு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கியிருந்தார். புழு என்று ஒன்றுமே இல்லை, உடம்பின் காவல்தான் சொந்த முடிவேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது, நிறையப் பேருக்குத் தானாகவே வளரும், சிலருக்கு மருந்து வேண்டும் என்றார் டாக்டரம்மா.

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் நான் இரண்டு தடவை சொன்னேன். நானா தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "புழு இல்லையெண்டா நான் ஆரோட சண்ட புடிக்கிற, மகள்?"

அப்பாவின் நெற்றி

பஸ் கண்டக்டர், வயது இருபத்தாறு. நெற்றியின் இரண்டு பக்கமும் முடி பின்வாங்கியிருந்தது. இந்த வகை பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. அதனால் அப்பாவுக்கும் இப்படி இருந்ததா, எந்த வயதில் தொடங்கியது என்று கேட்கச் சொன்னார் டாக்டரம்மா. கேட்டேன்.

அவர் டிக்கெட் கொடுக்கும் குரலிலேயே சொன்னார்: "மண்ணு சரிஞ்சு வீட்ட மூடுனப்ப எங்கப்பாவுக்கு முப்பத்தெட்டுங்க. அதுவரைக்கும் கொட்டல."

நாற்காலி

ஒரே இடத்தில் இழுபட்டுக்கொண்டே இருந்தாலும் முடி போகும். இறுக்கிப் பின்னுகிறவர்களுக்கு நெற்றியோரம், கயிறு மாட்டுகிறவர்களுக்கு உச்சி. வேர் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்க்கும். அதற்குப் பிறகு தோல் பளபளவென்று மூடிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட அன்றே அக்காவுக்கு போன் பண்ணினேன். மூன்று வாரம் பிடிகொடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

துணியை அவளேதான் எடுத்தாள். நான் சுவரைப் பார்த்தேன். டாக்டரம்மா லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். நடுவில் மூடிவிட்டது, இனி வராது. ஓரத்தில் வரலாம், கயிறு படாமல் இருந்தால். அதுவும் நிச்சயமில்லை என்றார். மற்றவர்களுக்கு நான் ஒரு சொல்லையும் விடுவதில்லை. அக்காவிடம் மட்டும், "கயிற எடுத்துட்டா வரும்க்கா" என்றேன்.

அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அவங்க இவ்வளவு நேரம் பேசுனாங்க. நீ ஒரே வரியில முடிச்சிட்ட."

தோள்பை

கயிற்றை எடுத்தால் கொழுந்தை எதில் போடுவது? என் கெம்பஸ் பையின் பட்டிகளை அறுத்து ஒரு சாக்கில் தைத்துக் கொடுத்தேன், தோளில் மாட்டும்படி. முதல் நாள், சாக்கின் வாய் கழுத்தருகே நின்றதால், பின்னால் வீசிய கொழுந்தில் பாதி கீழே விழுந்தது. பட்டியை நீட்டித் தைத்தேன். வேலையை மேற்பார்க்கும் கங்காணி பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். பக்கத்து நிரையில் பறித்த பெண்கள்தான் விடவில்லை. "என்னடி சாந்தி, பையெல்லாம் மாட்டிக்கிட்டு? பள்ளிக்கூடமா?"

அப்பாவுக்கு முடியாமல் போன வருடம், பதினோராம் வகுப்பின் சாதாரணதரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். அதனால்தான் நான் படித்தேன். இது லயம் முழுக்கத் தெரியும். அவள் என்ன பதில் சொன்னாள் என்று அன்று சாயங்காலம் அவளே சொல்லிச் சிரித்தாள்: "ஆமாடி, பாதியில நின்னேன்ல. மிச்சத்துக்குப் போறேன்னேன்."

நான் சொன்ன அந்த 'வரும்' பொய்யாகிவிடக் கூடாதே என்று ஐந்து மாதம் கழித்து லென்ஸை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்: அக்காவுக்குப் புதிதாக முளைத்திருப்பது பதினேழு முடி, அதில் நாலு நரை.