வரல, மறுபடியும் பாக்குறேன்

இரண்டாயிரத்துகளின் நடுவில் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். முதுமையடைந்து குளிர்ந்துபோன விண்மீன்களின் ஒளியைக் கணக்கிடுவது எங்கள் குழுவின் வேலை. தொலைநோக்கியை நாங்கள் தொட்டதே இல்லை. கணினிக்குள் ஒரு விண்மீனின் வளிமண்டலத்தை அடுக்கடுக்காகக் கட்டுவோம். அதிலிருந்து வெளிவரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, வானத்தில் இருக்கும் நிஜ விண்மீனின் நிறமாலையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம்.

எனக்குப் பக்கத்து மேசை ஒரு மலேசியத் தமிழருடையது. ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே ஆராய்ச்சியாளராக நின்றுவிட்டவர். நான் எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் அவரை அண்ணை என்பேன். "அண்ணை இல்ல லா, அண்ணே" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். எங்களுக்குள் ஓயாத சண்டை ஜன்னலைப் பற்றியது. அவருக்கு ஜனவரியிலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நான் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து தட்டச்சு செய்வேன்.

அவர் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு பொல்லாத விண்மீன். கார்பன் நிறைந்த, மிகவும் குளிர்ந்த கிழட்டு விண்மீன். இப்படிப்பட்டதைக் கணினியில் கட்டுவது ஏன் கடினம் என்றால், ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வெப்பநிலையை உத்தேசமாக வைத்துத்தான் தொடங்க முடியும். கீழிருந்து வரும் வெப்பமும் மேலே போகும் வெப்பமும் சமமாகும்வரை கணினி அதைத் திருத்திக்கொண்டே போகும். சமமாகிவிட்டால் "வந்துவிட்டது" என்போம். இந்த விண்மீனோ வரவே இல்லை. குளிர்ந்தால் கரித்தூசி உண்டாகும். தூசி ஒளியை விழுங்கிச் சூடேற்றும். சூட்டில் தூசி அழியும். உடனே மறுபடி குளிரும். இப்படியே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும்.

ஒரு கணக்கு தோற்றால் தானாகவே அடுத்ததைத் தொடங்கும்படி அவர் எழுதி வைத்திருந்தார். ஊருக்கு லீவில் போகும் யோசனை இருந்ததால், ஒவ்வொரு முறையும் அவர் பெயரில் அவருக்கே போகும் மின்னஞ்சல் எனக்கும் வரும்படி செய்திருந்தார். ஆங்கில எழுத்தில் தமிழ்: "வரல. மறுபடியும் பாக்குறேன்."

அப்படியான முதல் மின்னஞ்சலை நான் பார்த்தது ஒரு திங்கட்கிழமைக் காலை. அவர் கதிரை காலியாக இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்கிறார் போலும் என்று நினைத்து, "ஜன்னல் பூட்டியாச்சு, சந்தோஷம்" என்று பதில் அனுப்பினேன். சிறிது நேரத்தில் எங்கள் பேராசிரியர் வந்தார். கதவருகிலேயே நின்றார். முந்தைய நாள் அண்ணை தன் வீட்டு மாடிப்படியில் விழுந்து கிடந்தார் என்றும், இதயம் நின்றுவிட்டது என்றும் சொன்னார். நான் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. திரையில் அவர் மின்னஞ்சல் திறந்தபடியே இருந்தது.

தகனம் முடிந்தது. மின்னஞ்சல்கள் நிற்கவில்லை. ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை, தேநீரோடு வந்து உட்காரும்போது, அவர் பெயர் தடித்த எழுத்தில் மேலே நிற்கும். வரல. மறுபடியும் பாக்குறேன். அது கணினி அனுப்புவது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதை அவர் குரலில்தான் வாசித்தேன். எந்தக் கணக்குகள் ஓடுகின்றன என்று பார்த்தால், மற்றவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கும், பக்கத்தில் 'ஓடுகிறது' என்ற சொல்லோடு. கீழ்த்தளத்தில் அந்த இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்த அறையைக் கடக்கும்போது என் நடை தானாக வேகம் பிடிக்கும். மேலே வந்ததும் ஜன்னலைத் திறந்து வைப்பேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

வடலண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அதுக்குப் பதில் எழுதினனியே?"

"ஒருக்கா எழுதினன். அப்ப எனக்குத் தெரியாது."

"இனி எழுதாதை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் மட்டும் ஆத்மா அலைஞ்சு கொண்டுதான் நிக்கும்."

"அம்மா, அது கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டருக்கு அந்தப் பொடியன்ரை பேர் ஏன்?"



அண்ணையின் பயனர் கணக்கை மூடிவிடலாமா என்று கணினிப் பிரிவிலிருந்து கேட்டபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று பேராசிரியர் சொல்லி வைத்தார். அவருக்கு அந்த விண்மீன் தேவை. எனக்கு வேறு காரணம் இருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய அக்கா வந்தார். தென்லண்டன் சட்டனில் கணவரோடு இருப்பவர். ஒரு கம்பெனியில் கணக்காளர். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தார். தம்பியின் சாமான்களை எடுத்துப்போக ஒரு பெரிய பை. குவளை, மழைக்கோட்டு, மேசைக்கடியில் கிடந்த ஒரு சோடிச் சப்பாத்து. சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பியின் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இவ்ளோ பக்கத்துல இருந்தான். ரெண்டு வருஷமா என் வீட்டுக்கு வரல. எப்பக் கேட்டாலும், வேலை முடியட்டும்க்கா, வர்றேன்னுதான் சொல்வான். அப்படி என்னாமா வேலை?"

விளக்க முயன்றேன். விண்மீன், அடுக்கு, தூசி. பொறுமையாகக் கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கணினியில் மணி ஒலித்தது. நான் திரையை மறைத்திருக்கலாம். கை எழவில்லை. தம்பியின் பெயரை அவர் பார்த்துவிட்டார்.

"இது என்னா? யார் அனுப்புறா?"

சொன்னேன். எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் குனிந்து வாய்விட்டு வாசித்தார். வரல, மறுபடியும் பாக்குறேன். அறையில் அதுவரை யாரும் அந்தச் சொற்களைச் சத்தமாகச் சொன்னதில்லை. 

"இப்பவும் ஓடுதா?"

"ஓம் அக்கா. ஒண்டு முடிய மற்றது தொடங்கும்."

"பதினாறு முடிஞ்சிருச்சு. சாம்பல் கரைச்சாச்சு. இன்னும் வேலை பாக்குறானா இவன்?" அவர் அழவில்லை. கோபமாகத்தான் இருந்தார். "நிறுத்து மா. போதும்."

பேராசிரியரிடம் கேட்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிறுத்த முடியுமா என்று கீழே போய்க் கேட்டேன். கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, அதுவரையான கணக்கைப் பத்திரப்படுத்தினார். நிறுத்தும் கட்டளையைத் தட்டிவிட்டு, கடைசி விசையை அழுத்தாமல் விலகி அக்காவைப் பார்த்தார். அக்கா சப்பாத்தை மடியில் வைத்துவிட்டு ஒற்றை விரலால் அழுத்தினார். ஓடும் கணக்குகளின் பட்டியலில் தம்பியின் பெயர் மறைந்து, கீழே இருந்த பெயர்கள் ஒரு படி மேலே ஏறின. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மின்னஞ்சல் வரவில்லை. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த விண்மீனை என் தலையில் கட்டினார் பேராசிரியர். அண்ணை விட்ட இடத்திலிருந்து என் பெயரில் ஓடவிட்டேன். மின்னஞ்சலின் வாசகத்தை மாற்றவில்லை. இப்போது நானே எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். தூசியை ஒரேயடியாக விடாமல் சிறிது சிறிதாக வளிமண்டலத்துக்குள் விட்டுப் பார்த்தேன். குளிர்காலம் முழுக்கத் தோல்விதான். ஒருநாள் சமையலறையில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"ஆரடி இப்ப கதைச்சது?"

"நான் ஒண்டும் கதைக்கேல்லையே. என்ன?"

"நீ இப்பிடிக் கதைக்கிறதில்லையே. 'பாக்குறேன்' எண்டு ஆரோ சொன்ன மாதிரிக் கிடந்தது."

நான் வாய் திறந்தது எனக்கே தெரியாது.

வசந்தத்தில், வெயிலடித்த ஒரு பிற்பகல், அந்த விண்மீன் வந்துவிட்டது. அது வந்தால் என்ன மின்னஞ்சல் வரும் என்று நான் பார்த்து வைக்கவில்லை. அது ஒருமுறையும் வந்ததில்லையே. வந்த மின்னஞ்சலைத் திறந்தேன். "வந்துருச்சு. அக்காவுக்குப் போன் போடு."

அண்ணை தனக்குத்தானே எழுதி வைத்தது.  பிறகு தொலைபேசியை எடுத்து அக்காவின் அலுவலகத்துக்கு அடித்தேன். வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் யாரோ அச்சியந்திரத்தில் எதையோ அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப வேலை முடிஞ்சிருச்சா?" என்றார் கடைசியில்.

"முடிஞ்சுது, அக்கா."

கட்டுரை அச்சானபோது அண்ணையின் பெயர்தான் முதலில் இருந்தது. இறந்தவர் என்பதற்கான சிறு குறியும் பக்கத்தில் இருந்தது. ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சட்டனுக்குப் போனேன். முன்னறையில் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் அக்கா அதை விரித்து வைத்தார். கடைசிப் பக்கத்தில் பெரிய வரைபடம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடுகள்.

"இதுல எது தம்பி?"

"கறுப்புக் கோடு விண்மீன். சிவப்பு, அண்ணை கணக்குப் போட்டது."

இடப்பக்கத்திலிருந்து விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். மேட்டிலும் பள்ளத்திலும் இரண்டு கோடுகளும் ஒன்றாகவே ஏறி இறங்கின. வலது ஓரத்தில் கறுப்புக் கோடு மட்டும் ஒரு குறுகிய பள்ளத்தில் விழுந்து எழுந்தது. சிவப்புக் கோடு அதைக் கவனிக்காமல் மேலால் போனது. ஏதோ ஒன்று அங்கே ஒளியை விழுங்கியிருந்தது. எங்களுக்குத் தெரிந்த எந்த மூலக்கூறும் அதற்குப் பொருந்தவில்லை. விரல் அங்கே நின்றது.

"இங்க ஏன் சேரல?"

"தெரியாது, அக்கா. இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் விரலை எடுக்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. விரலை எடுங்கள் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.