பெரிய பார்ட்டி

எங்கள் அலுவலகத்தில் யாராவது காலை வணக்கம் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் மேசைமேல் இருக்கும் அட்டையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நெதர்லாந்துக்கு வந்த பதினோராவது வருஷத்தில் இந்த வழக்கம் எனக்கு அறிமுகமானது. காப்பி இயந்திரத்தருகே பக்கத்து மேசை டச்சுக்காரன் யான், "மன்னிக்கணும், நான் நீலம்" என்றான். ஆங்கிலத்தில் நீலம் என்றால் துக்கம் என்று எங்கோ படித்த ஞாபகம். தோளைத் தொட்டு, "எல்லாம் சரியாகிவிடும். வீட்டில் யாருக்கு என்ன?" என்றேன். அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். நீலம் என்றால் அமைதி விரும்பி, பேச்சுக் கொடுக்காதே என்று பொருளாம். குணத்தைக் கண்டுபிடிக்கும் தேர்வு ஒன்றை எழுதவைத்து, வந்த நிறத்தை அட்டையாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுவாரம் எனக்கும் தேர்வு. அறுபது கேள்வி. நான் இந்த அலுவலகத்தின் கோமாளி. வருகிற வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே நாங்கள் விற்கும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவதுதான் உத்தியோகம். தமிழர்கள் கூடும் பொங்கல் விழாவில் என்னிடமிருந்து மைக்கைப் பிடுங்க இரண்டு பேர் வேண்டும். கலகலப்புக்கு மஞ்சள் என்றார்கள். மஞ்சள் தீர்ந்துபோகிற அளவுக்கு வரும் என்று இருந்தேன். நீலம் வந்தது. அதுவும் அடர்நீலம். வீட்டில் அட்டையைக் காட்டினேன். என் மனைவி ஆச்சரியப்படவே இல்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

மேலாளர் மரைக்கே கூப்பிட்டாள். "நல்ல செய்தி. உங்களை இத்தனை நாள் தவறான இடத்தில் வைத்துவிட்டோம். அடுத்த மாதம் கையேடு எழுதும் பிரிவுக்குப் போய்விடலாம். தனி அறை, ஒருவரும் தொந்தரவு செய்யமாட்டார்கள்." நாற்பத்தொன்பது வயதில் வாயை எடுத்துவிட்டால் என்னிடம் மீதி என்ன இருக்கிறது? பயம் வந்தால் ஜோக்கடிப்பது என் வியாதி. "அறைக்குக் கதவா, கம்பியா?" என்றேன். "கதவு," என்றாள் மரைக்கே, மிகுந்த அக்கறையோடு. "உங்களுக்குப் பிடித்தால் மூடியும் வைத்துக்கொள்ளலாம்."

அன்று சாயங்காலம் விடைத்தாளைத் திரும்பப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 'பெரிய பார்ட்டி என்னைக் களைப்பாக்குகிறது' என்ற கேள்விக்கு 'முழுக்க உண்மை' என்று போட்டிருக்கிறேன். அதேபோல் இன்னும் ஏழெட்டு இடத்தில் பார்ட்டி. இவர்கள் கேட்டது கையில் கோப்பையோடு நிற்கும் கூட்டத்தை. நான் நினைத்தது காந்தி ரோடு பார்ட்டியை. காஞ்சிபுரத்தில் பார்ட்டி என்றால் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள். பாலிடெக்னிக் படித்த மூன்று வருஷமும் கடைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான். பெரிய பார்ட்டி என்றால் வேனில் வந்திறங்கும் கல்யாண வீடு. இருபது பேர், இருபது முகம். கதவு திறக்கும்போதே ஜோக்கை ஆரம்பித்துவிட வேண்டும். மாப்பிள்ளைப் பையனின் அம்மா சிரித்துவிட்டால் மொத்தக் குடும்பமும் நான் கைகாட்டும் கடைக்குள் போகும். பொழுது சாயும்போது தாடை வலிக்கும். களைக்காமல் என்ன செய்யும்?

இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரிக்க ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவுக்குப் போன் போட்டேன். சரளா அக்கா சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள்.

"ஒரு வார்த்தையால வேல போவப் பாக்குதுக்கா. அவன் பார்ட்டி வேற, நம்ம பார்ட்டி வேற. என்னப் போயி பேசாத ஆளுன்னு எழுதி வச்சிருக்கான்."

தையல் மெஷின் சத்தம் நின்றது.

"தப்பா ஒண்ணும் எழுதலயேடா."

"என்னாக்கா, நீயுமா?"

"நீ ரோட்லதான பேசுவ. வூட்டுக்கு வந்தா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவ. அம்மா தட்டுல சோத்தப் போட்டு வச்சிக்கினு உக்காந்திருக்கும். இன்னிக்கு எந்த ஊரு பார்ட்டிபா, என்னா பேசின, எனக்கும் சொல்லேன்னு கேட்டுக்கினே இருக்கும். ம்முன்னுட்டுத் தூங்கிடுவ."

"அலுப்புக்கா."

"அலுப்புதான். நான் இல்லன்னா சொன்னன்? அங்க போயும் போன் பண்ணுவ, ரெண்டு ஜோக்கு சொல்லுவ, வச்சிடுவ. அம்மா என்னக் கேக்கும், நல்லா இருக்கானாமான்னு. ஜோக்கு சொன்னாம்மான்னுவன். ஒருநாள் சொல்லிச்சு, என்னையும் பார்ட்டின்னு நெனச்சிக்கினான் போல இருக்குதுன்னு."

அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் என்னால் போய்ச்சேர முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்களையும் சிரிக்க வைத்து அனுப்பினேன். மனசு கெட்டியான பையன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை மரைக்கேயிடம் பார்ட்டிக் கதையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுபடி தேர்வு வைத்தாள். வேன் கதவு திறந்த மாதிரி நினைத்துக்கொண்டு அறுபதுக்கும் பதில் போட்டேன். மஞ்சள் வந்தது, வேலையும் தங்கியது. இந்தத் தேர்வெல்லாம் நிஜந்தானா என்று இங்கே வரப்போகும் ஊர்ப்பிள்ளைகள் கேட்டு எழுதுகிறார்கள். என்ன சொல்ல? வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதியபோது என்னைக் கண்டுபிடித்துவிட்டது. புரிந்து எழுதியபோது கோட்டைவிட்டது.

பழைய அட்டையை மரைக்கே திருப்பிக் கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன். அது வீட்டுச் சமையலறையில், குக்கருக்குப் பின்னால் சாய்ந்திருக்கிறது. ஞாயிறுதோறும் அதன் எதிரில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போடுகிறேன். ஜோக்கு சொல்வதில்லை. அது இல்லாமல் என்ன பேசுவதென்று தெரியவில்லை; போனை வைப்பதும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்கள் சத்தமில்லாமல் போகின்றன. காதில் அக்காவின் மெஷின் ஓடுகிறது. அவள் தெருவில் ஏதோ ஒரு வேன் ரிவர்ஸ் பாட்டுப் பாடிக்கொண்டே பின்னால் வருகிறது. பெரிய பார்ட்டியாகத்தான் இருக்க வேண்டும். என் தாடை தானாக ஒருமுறை அசைந்து நிற்கிறது. அங்கே மெஷினும் நிற்கிறது.

"இருக்கியாடா?"

"இருக்கன்கா."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது.