குட்டையாகக் கட்டிய கயிறு

கண்டக்டரம்மாவுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்த மனுஷி. ரிட்டயராகிவிட்டாய், போய் வீட்டில் உட்கார் என்றால் உட்கார்ந்துவிடுவாளா? ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, டிராயிங் வாத்தியாராக இருந்த புருஷனையும் அதில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று வருஷமாகக் குடித்தனம் படகில்தான். குடித்தனம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரே அறை, ஒற்றை அடுப்பு, மேசையை மடக்கினால்தான் விரிகிற படுக்கை.

எந்தத் துறைமுகத்திலும் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கியது கிடையாது. மூன்றாம் நாள் விடிந்தால், "காத்து நல்லா இருக்குங்க, ரைட் சொல்லிடலாமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். வாத்தியாரும் தலையாட்டிவிடுவார். எதற்கும் தலையாட்டுகிற மனுஷர். சில பேருடைய பொறுமையைப் பார்த்தால் நமக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பேர்ப்பட்டவர் இந்த ஊர் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றார். "அங்க பெரிய கண்ணாஸ்பத்திரி இருக்கு. நான் எறங்கத்தான் போறேன்" என்றார். கண்ணாடி மாற்றுகிற விவகாரம்தானே, ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு மத்தியானக் காற்றில் கிளம்பிவிடலாம் என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

துறைமுகம் நானூறு வருஷத்துப் பழசு. கோட்டைச் சுவரின் காலடியில் கருங்கல் துறை, அதில் தேய்ந்துபோன இரும்பு வளையங்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. கடல் முழுசாக ஏறியிருந்ததால் படகின் தளமும் கரையும் ஒரே மட்டமாக இருந்தன. அவள் ஒரே எட்டில் கரைக்குத் தாவி, முன்னால் ஒரு கயிறு பின்னால் ஒரு கயிறு என்று வளையத்தில் இழுத்து இறுக்கிக் கட்டினாள். குட்டையாகக் கட்டினால்தான் புறப்படும்போது சட்டென்று அவிழ்க்கலாம் என்பது அவள் கட்சி. "மூணு வருஷத்துல நான் போட்ட முடிச்சு ஒருநாள் மக்கர் பண்ணினதில்ல" என்று பக்கத்துப் படகில் இருந்த எஞ்சின்காரரிடம் ஒரு பீற்றல் வேறு. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த மனுஷர், கழற்றிப் போட்ட எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே "உம்" கொட்டினார்.

துறைமுக ஆபீசில் பெயர் பதிய அவள் ஓடினாள். திரும்பி வந்ததும் வாத்தியாரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் சுங்கக் கிடங்காக இருந்த கட்டடம். எட்டாத உயரத்தில் கூரை, சுவரோரம் நீள நீளமாக பெஞ்சுகள். டோக்கன் அறுபத்திரண்டு. உள்ளே போய்க்கொண்டிருந்தது பதினேழு. அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நர்ஸ் வந்து வாத்தியாரின் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். மூடிக்கொண்டு உட்காருங்கள் என்றாள். அவர் உட்கார்ந்தார். இவளால் முடியவில்லை. வெளியே போய்க் கோட்டை வாசல்வரை நடந்தாள், பீரங்கி மேல் ஏறிப் படமெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்து முறைத்தாள், மணிக்கூண்டைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். முப்பத்தொன்று. மறுபடி போனாள்.

"உக்காரேம்மா. நீ நடக்கறதுல எனக்கு மூச்சு வாங்குது."

"உக்காந்தாதாங்க எனக்கு மூச்சு முட்டுது."

இரண்டரை மணிக்குப் போன் அடித்தது. படகுக்காரர்கள் எல்லாரும் ஜன்னலில் நம்பர் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து எஞ்சின்காரர்தான் கூப்பிட்டார். "யம்மா, எங்க இருக்கீங்க? தண்ணி எறங்கிடுச்சு, உங்க படகு கயித்துல தொங்குது! ஓடியாங்க!"

அதே நேரம் உள்ளேயிருந்து குரல் வந்தது: "அறுபத்திரண்டு!"

வாத்தியார் எழுந்து அவள் கையைப் பிடித்தார். "ஒரு நிமிஷம், நீயும் கூட வந்து..."

"நீங்க பாத்துட்டு வந்துடுங்க, நான் இதோ!" கையை உருவிக்கொண்டு ஓடினாள். வாசலைத் தாண்டும்போது அவர் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துறையில் ஒரு கூட்டமே கூடியிருந்தது. காலையில் கரையோடு கரையாக நின்ற கடல் இரண்டு ஆள் உயரம் கீழே போயிருந்தது. கூடவே இறங்க முடியாத படகு இரண்டு கயிற்றிலும் தொங்கி, சுவர்ப் பக்கம் சாய்ந்து, அடிப்பாகம் பாதிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே தெரிய நின்றது. கயிறு பூட்டிய இரும்பு, மரத்தைப் பிய்த்துக்கொண்டு நெறுநெறுத்தது. முடிச்சு கல்லாக இறுகிப் போயிருந்தது. எஞ்சின்காரர் ஏணி வழியாக இறங்கி இரண்டு நீளக் கயிறுகளைப் படகில் பூட்டி மேலே வீச, அவள் அவற்றை வளையங்களில் தளர்வாகக் கட்டினாள். பிறகு ரொட்டி வெட்டும் கத்திகளால் ஆளுக்கொரு பக்கம் பழைய கயிறுகளை அறுத்தார்கள். படகு தடாலென்று தண்ணீரில் விழுந்தது. உள்ளே என்னென்னவோ உடைந்தது. ஆனால் மிதந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அரை மணி கழித்து வாத்தியார் கோட்டைச் சுவரைத் தடவித் தடவி வந்துசேர்ந்தார். துறையின் விளிம்பிலிருந்து தள்ளி, ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்.

"பொழைச்சுதுங்க!" என்று அவள் மூச்சுவிடாமல் பொரிந்தாள். "மூணு வருஷமா நடக்காதது இன்னிக்கு எப்படிங்க நடந்துச்சு?"

"மூணு வருஷமும் நீ இப்படித்தாம்மா கட்டறே. இந்த மாதிரி கல் துறையில எல்லாம், நீ ஆபீசுக்குப் போனதும் நான் கயிறைத் தளர்த்தி விட்டுடுவேன். கெளம்பறதுக்கு முன்னாடி மறுபடி இழுத்து வச்சுடுவேன்."

"என்னது?"

"நீதான் ஊர் பூரா பெருமையடிச்சுக்கிட்டு இருந்தியே. எதுக்குக் கெடுக்கணும்?"

அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. "அப்ப இன்னிக்கு ஏன் தளர்த்தல?"

"தளர்த்தினேன். கடல் எவ்வளவு எறங்கும்னு துறை வாசல்ல பலகை வச்சிருக்காங்க. என்னால படிக்க முடியல. குத்துமதிப்பா ரெண்டு முழம் விட்டேன். பத்தல."

"யாரையாவது கேக்கக் கூடாதா?"

"கேட்டா உன் காதுக்கு வந்துடுமே."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்தக் கேள்வி அவள் வாயில் வந்தது. "டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"கண்ணுக்குள்ள அழுத்தமாம். இடது கண்ணு போயாச்சு. போனது இனிமே வராதாம். வலது கண்ணைக் காப்பாத்தணும்னா இந்த வாரமே ஆபரேஷன். அப்புறம் மூணு மாசம் ஊரை விட்டு நகரக் கூடாது."

"ஐயோ, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?"

"சொன்னேனே. மூணு ஊர்ல சொன்னேன். அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்னு சொல்லிட்டே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னார். சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறாள். "பாவி நான், பாவி" என்று வாய்விட்டு அழுதாள். எஞ்சின்காரர் மெல்லத் தன் படகுக்குள் போய்விட்டார். "மூணு மாசம் என்னங்க, மூணு வருஷம் இங்கயே கெடப்போம். நான் அசைய மாட்டேன்."

"நீயா?" என்று அவர் சிரித்தார். அவள் குரல் வந்த இடப்பக்கம் லேசாகத் தலையைத் திருப்பி, தேடுகிறவர்போல் பார்த்தார். "எங்க உக்காந்திருக்கே?"

"பக்கத்துலதாங்க. இடது கைப் பக்கம் உக்காந்திருக்கேன்."

"இந்தப் பக்கம் வாம்மா. அங்க இருந்தா நீ எனக்குத் தெரியல."

அவள் எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.