கரைவலை இழுத்த பென்சன்காரன்

திருக்கோணமலைத் துறைமுகத்தில் வேலைசெய்து பென்சன் எடுத்தவன் நான், இருப்பது உப்புவெளியில். வேலையை விட்டபின் சாய்ந்து உட்காரும் கதிரைதான் எனக்கு எல்லாம். சாப்பாடும் பேப்பரும் அங்கேயே வரும். "கொஞ்சம் நிலத்தில இருந்து எழும்பிப் பழகுங்கோ, பிறகு ஏலாமப் போயிடும்" என்பாள் மனைவி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை, கடலில் விட்ட கரைவலையைக் கரையில் நின்று இழுப்பதைப் பார்க்கும் ஆசையில் கடலோரத்து ஈரமணலில் உட்கார்ந்துவிட்டேன். திடீரென்று ஓர் அலை இடுப்புவரை வந்தது. எழும்பப் பார்த்தேன், முழங்கால் மாட்டேன் என்றுவிட்டது! அடுத்த அலை நெஞ்சில் அடித்து என்னை உருட்டியது. கத்தினேன். வலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டில் என் குரல் எடுபடவில்லை. பக்கத்தில் நகர்ந்துகொண்டிருந்த வலைக்கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அவர்கள் இழுக்க இழுக்க, கயிற்றோடு நானும் கரையேறினேன்!

"இண்டைக்குப் பெரிய மீனொண்டு பட்டிருக்கு!" என்று சிரித்தபடி தூக்கி நிறுத்தினார்கள்.

இப்போது எனக்குச் சாப்பாடு பாயில்தான். கையூன்றாமல் எழும்பினால்தான் மனைவி தேத்தண்ணீர் தருவாள். போன கிழமை அதே மணலில் போய் உட்கார்ந்தேன். வலைக்காரர் ஒருவர் ஓடிவந்து, "ஐயா, கை தரட்டோ?" என்றார்.

நானாகவே எழும்பி நின்றேன். "கை வேண்டாம் தம்பி, கயித்தைத் தா, நானும் இழுக்கிறன்!"