கயிறு வருது, ஒதுங்கு

தோள் எலும்பு முறிந்து கப்பலிலிருந்து இறக்கப்பட்ட பிறகு, ஏலப்பாறைக்கு மேலே தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் அக்கா வீட்டில் எட்டு மாதம் கிடந்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அகளியில் வாழைத்தார் ஏற்றினேன், பாலக்காட்டில் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். எங்கும் ஒரு வருடம் தங்கியதில்லை. கப்பலில் மட்டும் ஆறு வருடம் நிலைத்தேன். அது நகர்ந்துகொண்டே இருப்பதால் இருக்கலாம்.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கப்பலின் முதல் அதிகாரி அவ்வளவு சுலபமாக நம்பவில்லை. கொச்சியில் ஏறிக்கொள், தூத்துக்குடியில் எறிகயிற்றை நீதான் வீச வேண்டும், கரை சேராவிட்டால் அங்கேயே இறங்கிக்கொள் என்று போனில் சொன்னார்.

எறிகயிறு மெல்லியது, நுனியில் கனமான முடிச்சு இருக்கும். கரையில் நிற்பவர் அதைப் பிடித்து இழுத்தால், பின்னாலேயே கப்பலைக் கட்டும் வடம் போகும். என் கை காதுக்கு மேலே ஏறவில்லை. அதனால் இடுப்பைச் சுழற்றிக் கீழிருந்து வீசிப் பழகினேன். கயிற்று நுனியில் மணல் பையைக் கட்டி, மேல் பாதையில் நின்று தேயிலைச் சரிவில் வீசுவேன். கீழே அக்காவும் மற்ற பெண்களும் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் "கயிறு வருது, ஒதுங்கு" என்று கத்திவிட்டுத்தான் வீசுவது.

"கப்பல்காரரே, கொழுந்துக்கா தூண்டில் போடுறீரு?" என்பாள் ஒருத்தி.

"ஏலே, என் மண்டையில விழுந்துச்சுன்னா, நீ கப்பலுக்குப் போகமாட்ட, ஸ்டேஷனுக்குத்தான் போவ" என்பாள் அக்கா.

கொச்சியில் ஏறியபோது டீசலும் புதுப் பெயிண்டுமாக அதே வாசனை. என் பழைய படுக்கையில் வேறொருவன் இருந்தான். இரண்டு நாளில் நான் இறங்கிவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ, எனக்குக் கிடைத்த மூலைக் கட்டிலில் அவனுடைய பெட்டி அப்படியே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் தூத்துக்குடி. முன்தளத்தில் முதல் அதிகாரி என் பக்கத்திலேயே நின்றார். இடுப்பைச் சுழற்றினேன். வாய் தானாகத் திறந்தது.

"கயிறு வருது, ஒதுங்கு!"

கரையில் நின்ற ஆள் மரியாதையாக ஒதுங்கினார். அவர் நின்ற இடத்திலேயே முடிச்சு விழுந்தது. பிடிக்க ஆளில்லாமல் கயிறு சறுக்கித் தண்ணீருக்குள் போயிற்று.

"அண்ணாச்சி, ஒதுங்கச் சொன்னீரு, ஒதுங்கிட்டேன். பிடிக்கணுமா?"

நனைந்த கயிற்றை இழுத்துச் சுருட்டினேன். தோள் எரிந்தது. ஈரக் கயிறு இரட்டைக் கனம். இன்னொரு வீச்சுக்கு மேல் கை தாங்காது என்று தெரிந்தது.

"பிடிங்க" என்று சொல்லி மறுபடி வீசினேன்.

முடிச்சு தரையைத் தொடுமுன் அவர் பிடித்துவிட்டார். "இது பேச்சு. வடத்த விடும்."

வடம் போனது. முதலில் என்ன கத்தினாய் என்று அதிகாரி இந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அடுத்த துறைமுகத்தில் வாயை மூடிக்கொண்டு வீசு" என்றார்.

அன்றே மூலைக் கட்டிலில் இருந்த பெட்டியைத் தூக்கி உரியவனிடம் கொடுத்துவிட்டு, என் போர்வையை விரித்தேன்.